ஏரியூர் நேயர்

என் வானொலி நிகழ்ச்சிக்கு நானே குரலை மாற்றிப் போன் செய்து, நிகழ்ச்சி நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ஏதோ ஒருநாள் புத்தி கெட்டுச் செய்தது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அந்த வருடம் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை புதன்கிழமை தவறாமல் செய்தேன். கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளர் வேலை எனக்கு. ஊரார் கொண்டுவரும் சங்கிலி அசலா போலியா என்று உரசிப் பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். ஐம்பதைக் கடந்தவன். வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவன். அப்படிப்பட்டவன் கொல்லையில் வாழைக்குப் பின்னால் நின்று, மனைவியின் பழைய போனைக் காதில் வைத்துக்கொண்டு, கொசுக்கடியில் காலை மாற்றி மாற்றித் தேய்த்தபடி, "வணக்கமுங்க, வெவசாயி பேசறனுங்க" என்று ஆரம்பிப்பான்.

எங்களுடையது சமுதாய வானொலி. அப்படியென்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஆரம்பத்தில் நீளமாக விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு "சம்பளம் கிடையாது" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். சட்டென்று புரிந்துகொண்டார்கள்.

பென்னாகரம் சாலையில் ஓர் உரக்கடைக்கு மேலே மாடியறைதான் நிலையம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும், எதிரொலி வராமல் இருக்க. கீழேயிருந்து யூரியா வாசனை வரும், தும்மல் வர. படிகள் செங்குத்து. ஏறி முடித்ததும் மூச்சு அடங்கும்வரை ஒரு பாட்டைப் போட்டுவிட்டுத்தான் பேச முடியும். நேயர்கள் விருப்பம் என்று நாங்கள் ஒலிபரப்பிய பாட்டுகளில் பாதி எங்கள் நுரையீரலின் விருப்பம்.

விளம்பரம் வருவது அபூர்வம். நேயர்கள்தான் நிலையத்தைத் தாங்கினார்கள். மின்கட்டணத்தை மசூதித் தெருக் கடைக்காரர்கள் முறைபோட்டுக் கட்டினார்கள். மற்ற குடும்பங்கள் தங்களால் ஆனதைக் கொண்டுவந்து உரக்கடையில் வைத்துவிட்டுப் போகும். ஒருநாள் கேழ்வரகு, ஒருநாள் டீக்குப் பால், ஒருநாள் மாங்காய். அன்றைக்கு யார் எதைக் கொடுத்தார்களோ அவர்கள் பெயரைச் சொல்லி நன்றி சொன்ன பிறகுதான் சாயந்தர ஒலிபரப்பு தொடங்க வேண்டும் என்பது வழக்கம். தக்காளி விலை ஏறியிருக்கும்போது எங்களை யாருக்கும் ஞாபகம் இருக்காது. விலை படுத்துவிட்டால் கூடைகூடையாக ஆதரவு குவியும். நாங்கள் நன்றி சொல்வதைக் கேட்டே மார்க்கெட் நிலவரத்தைத் தெரிந்துகொண்ட வியாபாரிகள் உண்டு.

தொடங்கிய காலத்தில் அந்த அறையில் நிற்க இடமில்லாமல் தொண்டர்கள் இருந்தோம். ஒருவர் பெங்களூருக்குப் போனார், ஒரு பெண் ஓசூருக்குக் கல்யாணமாகிப் போனாள், ஒருவர் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று போய், பாஸும் ஆகிவிட்டார். மிஞ்சியது மூன்று பேர். டெய்லரம்மா, மெக்கானிக், நான்.

டெய்லரம்மாவுக்குக் கடைத்தெருவில் பெண்களுக்கான தையல்கடை. சாயந்தரம் கடையைச் சாத்திவிட்டு, கொக்கி வைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறுவார். மிசின் சத்தம் ஒலிபரப்பில் கேட்டுவிடும் என்பதால் அங்கே கைவேலை மட்டும். பாட்டு ஓடும்போது கொக்கி, பாட்டு முடியும்போது அறிவிப்பு. உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே "அடுத்து வருவது" என்று பிசிறில்லாமல் சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும்.

மெக்கானிக் டிவி ரிப்பேர்க்காரர். டிவியெல்லாம் தூக்கி எறிகிற சாமானாகிவிட்ட பிறகு அவர் எங்களுக்கு முழுநேரமாகக் கிடைத்தார். மொட்டைமாடியில் ஆன்டெனா கம்பத்தை நட்டவர் அவர். அண்ணாந்து பார்த்தபடியேதான் பேசுவார். கம்பத்திடம் பேசுகிறாரா நம்மிடமா என்று தெரியாது.

என் நிகழ்ச்சியின் பெயரைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. அதில் 'தேன்' என்று ஒரு சொல் வரும். படித்த புத்தகங்களையும் வாழ்க்கையையும் கலந்து பேசுவேன். ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்து கொடுத்துவிட்டால் புதன்கிழமை சாயந்தரம் ஒலிபரப்பாகும். அது முடிந்ததும் நேயர்கள் போன் செய்யக் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தோம். அந்த நேரத்தில் டெய்லரம்மா "உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு ஒரு ஜாக்கெட்டை முடித்துவிடுவார். அவ்வளவு அமைதி. புதன்கிழமைகளில் வங்கி வேலையாக வெளியூர் போக வேண்டியிருக்கிறது என்று நான் சொல்லி வைத்திருந்தேன். போன் வராததை எதிரே உட்கார்ந்து பார்க்கத் தைரியமில்லை என்பதுதான் விஷயம்.

மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதிவு முடிந்து நான் எழுந்தபோது டெய்லரம்மா சொன்னார்.

"சார், யூனிபார்ம் சீசன் வருதுங்க. சாயந்தரம் மிசின்ல உக்காந்தாதான் பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள குடுக்க முடியும். புதுசா கேக்க ஆளு வந்தா நான் இங்கயே உக்காருறேன். இதே நாலு தெருதான்னா சாயந்தரத்தை நிறுத்திட்டுக் கடைக்கே போயிடறேன்."

"காலையில?"

"காலையில பாட்டுதானே சார். அது பாட்டுக்கு ஓடும். ஆளா வேணும்?"

ஆள் பேசுவது சாயந்தரத்தில் மட்டும்தான். அதை நிறுத்தினால் எங்கள் வானொலி பாட்டுப்பெட்டிதான். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். களைப்பு இருந்தது. களைப்பை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. என்னிடமும் இருந்தது அதே களைப்புதான்.

அந்தப் புதன்கிழமைதான் முதல் போன் செய்தேன். டெய்லரம்மாவின் சாயந்தரத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதி அதுதான். மற்றப் பாதிக்கு, இத்தனை வருடத்தில் என் பேச்சுக்கு ஒரு போனாவது வரட்டுமே என்ற அரிப்பு.

"வணக்கமுங்க. நிகழ்ச்சி கேட்டனுங்க. நல்லா இருந்துச்சுங்க" என்றேன், தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு.

"வணக்கங்க, ரொம்பச் சந்தோசம். எங்கிருந்து பேசறீங்க?" என்றார் டெய்லரம்மா.

இதை யோசித்து வைத்திருக்கவில்லை. கொல்லை வேலிக்கு அப்பால் ரோட்டில் ஒரு பஸ் போனது. பின்பக்கக் கண்ணாடியில் ஊர் பெயர் எழுதியிருந்தது.

"ஏரியூர் பக்கமுங்க."

மறுமுனையில் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏரியூருங்களா? அங்க நம்ம ரேடியோ எடுக்குதுங்களா?"

"கணீர்னு எடுக்குதுங்க."

"இரைச்சல் ஏதும் இல்லீங்களா?"

"பக்கத்து வூட்ல பேசற மாதிரி இருக்குதுங்க" என்றேன். அது மட்டும் ஏறக்குறைய உண்மை. நிலையம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

எங்களுக்கும் ஏரியூருக்கும் நடுவே ஒரு கரடு, பாறைக் குன்று, இருக்கிறது. எங்கள் ஒலி அந்தக் கரட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும் என்று மெக்கானிக் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் அடுத்த வாரத்துக்கு மேற்கோள் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். ரேடியோ அலை என்பது வடை வாசனை மாதிரி, காற்றடிக்கிற பக்கம் போகும் என்பதுதான் என் விஞ்ஞானம்.

மறுநாள் நான் மாடி ஏறியபோது மெக்கானிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"கரட்டைத் தாண்டாதுங்க சார். தாண்ட முடியாது. ஆனா தாண்டியிருக்குதே!"

"எப்படிங்க?"

"கோணல்தான் சார். போன காத்துல கம்பம் லேசா சாஞ்சுது பாருங்க. அந்தக் கோணலுக்குக் கரட்டு மேல பட்டு அந்தப் பக்கம் எறங்குது. ஞாயித்துக்கெழம நிமித்தலாம்னு இருந்தேன். நல்ல வேளை!"

கோணல் மாறாமல் இருக்க அவர் ஒரு கயிறு கட்டினார். உரக்கடைக்காரரின் மனைவி அந்தக் கம்பத்தில் கொடி கட்டித் துணி காயப்போடுவார். அது தடை செய்யப்பட்டது. அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் டீக்கடை வைத்திருந்த பழைய நேயர், மாதாமாதம் பிஸ்கட் டப்பா அனுப்புகிறவர், போன் செய்து, "காத்துக்கப்புறம் கொர்ருனு இரையுதுங்க" என்றார். மெக்கானிக் கம்பத்தைப் பார்த்தபடி, "ஏரியூர் போறப்ப அங்க கொஞ்சம் கொறையத்தான் செய்யும்" என்றார். பிஸ்கட் நின்றது.

டெய்லரம்மா மட்டும் மாறிப்போனார். குண்டூசியைக் கழற்றி வைத்துவிட்டு அறிவிப்பு சொன்னார். "நம்ம ஏரியூர் நேயர்களுக்கும் வணக்கம்" என்று ஒவ்வொரு சாயந்தரமும் சேர்த்துக்கொண்டார். கடையில் வேலையை இன்னொரு பெண்ணிடம் கொஞ்சம் ஒப்படைத்திருப்பதாகச் சொன்னார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

வாரா வாரம் பாராட்டினால் சந்தேகம் வரும் என்று, நம்பகத்துக்காக விவசாயியைக் கொஞ்சம் திட்டவும் வைத்தேன். "அந்த சாரு ஆத்தைப் பத்தி அவ்ளோ நேரம் பேசினாருங்க. ஆத்துல எறங்கினவரு மாதிரி தெரியலையே" என்றார் விவசாயி. அன்றைக்குத்தான் எங்கள் சரித்திரத்தில் முதன்முறையாக அடுத்த போன் தானாக வந்தது. "ஏரியூர்க்காரர் சொன்னது நெசங்க" என்றது ஒரு குரல். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர், விவசாயியின் நிலத்தில் என்ன வெள்ளாமை என்று கேட்டார்கள். என் பேச்சைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பேச நேரம் போதவில்லை என்றார்கள்.

வங்கியிலும் அதே கதை. தோடு அடகு வைக்க வந்த ஒருவர், "உங்களை வாரா வாரம் ஒருத்தரு நறுக்குனு கேக்கறாரே, யாருங்க சார் அது?" என்றார்.

"யாரோ வெவசாயி" என்றேன்.

"நல்லா பேசறாருங்க."

என் பேச்சுக்குச் சனிக்கிழமை முழுக்கச் செலவழிப்பேன். மூன்று புத்தகம் புரட்டி, அடித்து, திருத்தி, வாசித்துப் பார்ப்பேன். அந்த ஆளுக்கு ஒரு தயாரிப்பும் கிடையாது. கொசுக்கடியில் வாய்க்கு வந்ததைச் சொல்வார். எனக்கு அவர்மேல் பொறாமை வந்தது. வந்த பிறகுதான் அது எவ்வளவு கேவலமான நிலைமை என்று உறைத்தது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். மறு புதன்கிழமை முன்னைவிட ஐந்து நிமிடம் அதிகமாகப் பேசினேன்.

சித்திரையில் டெய்லரம்மா ஒரு முடிவோடு வந்தார்.

"சார், அங்க ஒரு வூட்ல எடுக்குதுன்னா பத்து வூட்லயும் எடுக்கும். ஞாயித்துக்கெழம ஏரியூர் போயிட்டு வந்துடலாமுங்க. நாலு பேரைச் சேத்து ஒரு நேயர் குழு போட்டுட்டோம்னா சாயந்தரம் தப்பிச்சுது. யூனிபார்மை நான் எப்படியோ பாத்துக்கறேன்."

"நான் எதுக்கும்மா?"

"நீங்க இல்லாம எப்படிங்க சார்?" என்றார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார். மடியில் ஜாக்கெட், அதன்மேல் கையடக்க ரேடியோ. மெக்கானிக் நிலையத்தில் உட்கார்ந்து எங்களுக்காகப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தார். பாட்டுக்கு நடுவே "சோதனை, சோதனை" என்றார். சொல்லிவிடலாம் என்று நானும் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் கண்டக்டர் வந்தார், அல்லது யாராவது ஏறினார்கள், அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டேன். கரட்டு வளைவு வரை பாட்டு தெளிவாக வந்தது. வளைவில் திரும்பியதும் பெண்குரல் பாதி வரியில் அறுந்து, சோறு வடிக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது.

"கரடு தாண்டினா வந்துடும்" என்றார் டெய்லரம்மா.

நான் ஜன்னலுக்கு வெளியே நிலக்கடலைக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த வழியில் ஒவ்வொரு செடியையும் எனக்குத் தெரியும் இப்போது.

ஏரியூரில் இறங்கினோம். வெயில். டெய்லரம்மா ரேடியோவைக் காதோரம் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஒரு மேடையில் ஏறிப் பார்த்தார். ஏரியல் கம்பியை இழுத்துத் திருப்பினார். சோறு வடிந்துகொண்டே இருந்தது. டீக்கடைக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னம்மா, மேட்ச்சா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. நம்ம ரேடியோ. இங்க எடுக்குதுன்னாங்க."

"இங்க எது எடுக்கும்? கன்னடந்தான் எடுக்கும். குடுங்க." வாங்கித் திருகினார். ஒரு பெண் கன்னடத்தில் பேசினாள். பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது. "பாத்தீங்களா, கணீர்னு. வேணும்னா இதையே கேளுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

டெய்லரம்மா டீயை வாங்கி என் கையில் கொடுத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மிக மரியாதையாகக் கேட்டார்: "சார், நீங்க எந்த எடத்துல நின்னு போன் பண்ணினீங்க? அந்த எடத்தைக் காட்டுங்க. அங்க போயி வச்சுப் பாக்கலாம்."

டீயைக் கடைப் பலகையில் வைத்தேன்.

"நானா?"

"அதான் சார், புதங்கெழம பேங்க் வேலையா வர்றப்ப."

"அது... உங்களுக்கு..."

"உங்க கொரல் எனக்குத் தெரியாதுங்களா? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஹெட்போன்ல உங்க மூச்சு வாங்கறதுகூட கேக்கறவ நான். நாலு 'ங்க' போட்டுட்டா வேற ஆளா ஆயிடுவீங்களா? மொத நாளே தெரியும். மெக்கானிக் அண்ணனுக்கும் தெரியும். ஏரியூர் வரைக்கும் போயி எடுக்குதான்னு பாக்கறாரு, சொல்லிக்கக் கூச்சப்பட்டு ஆளை மாத்திப் பேசறாரு, போவட்டும்னு விட்டோம்."

அவர்கள் இருவரும் என்னை அவ்வளவு நல்லவனாக நினைத்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் செய்யாத பெரிய மரியாதை அது. வந்து சேர்ந்த இடம்தான் சரியில்லை.

"எங்க வூட்டுக் கொல்லையில நின்னு பேசினேன்மா" என்றேன்.

"இங்க உங்களுக்கு வூடு இருக்குதுங்களா?"

"இல்ல. நம்ம ஊர்லதான். எங்கிருந்துன்னு நீங்க கேட்டதும் பஸ்ல எழுதியிருந்ததைப் படிச்சுட்டேன்."

கன்னடப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். டெய்லரம்மா ரேடியோவை அணைத்தார். பேட்டரியைக் கழற்றினார். இரண்டையும் தனித்தனியாகப் பையில் போட்டார்.

"ஆளை மாத்திச் சொன்னீங்க, அது கெடக்குது சார்" என்றார். "ஊரையுமா மாத்திச் சொல்லுவாங்க?"

திரும்பி வரும் பஸ்ஸில் வழிநெடுகக் கொக்கி வைத்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அதைப் புத்தகத்தில் வருகிற மாதிரிக் கேட்டிருப்பேன் போலிருக்கிறது. நடுவில் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். இறங்கும்போது, ஜாக்கெட் என்றைக்குத் தயாராகும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிற தொனியில், "அடுத்த வாரத்தோட சாயந்தரத்தை நிறுத்திக்கலாமுங்க" என்றார். "அந்த ஏரியூர்க்காரரைத் தேடுவாங்க. நீங்களே வந்து முடிச்சு வச்சுடுங்க."

விஷயத்தைக் கேட்டு மெக்கானிக் கயிற்றை அவிழ்த்தார். "உங்களை நம்பி ஒரு கோணலை இத்தன நாளாக் காப்பாத்திட்டு வந்தேன் சார்" என்றார், கம்பத்தைப் பார்த்து. நிமிர்த்திய அன்று சாயந்தரமே அதியமான்கோட்டை டீக்கடைக்காரர் போன் செய்தார். "இப்பத்தாங்க கணீர்னு இருக்குது. இனிமே விட மாட்டேன்." டெய்லரம்மா அவருக்கு நன்றி சொன்னார். இந்த வாரத்தோடு நிறுத்துகிறோம் என்றும் சொன்னார். அவர், "அட" என்றார். வைத்துவிட்டார்.

கடைசிப் புதன்கிழமை நான் நேரில் போனேன். அன்று தக்காளி விலை படுத்திருந்தது. நன்றி சொல்லியே வெகுநேரம் போனது. தக்காளி தந்தவர்கள் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பிறகு நான் மைக் முன்னால் உட்கார்ந்து, ஏரியூர் நேயர் என்று யாரும் கிடையாது, அது நான்தான் என்று சொன்னேன். நம்பட்டும் என்று அவர் குரலில் நான்கு வாக்கியம் பேசியும் காட்டினேன். டெய்லரம்மா குண்டூசியைக் கவ்விக்கொண்டு தலையை ஆட்டினார், நன்றாக வந்தது என்பது போலவோ போதும் என்பது போலவோ. போன் அடிக்கவில்லை. அவர் ஒரு பாட்டைப் போட்டார். அது முடிந்ததும் வழக்கமான வணக்கம் சொன்னார். ஜாக்கெட்டுகளைப் பையில் அடைத்துக்கொண்டு, கொஞ்சம் தக்காளியும் எடுத்துக்கொண்டு, படியிறங்கிக் கடைக்குப் போனார்.

இப்போது சாயந்தரங்களில் வங்கியிலிருந்து அந்த வழியாகத்தான் வருகிறேன். கடைக்குள் மிசின் ஓடிக்கொண்டிருக்கும். நிமிர்ந்து, "வாங்க சார்" என்பார். காலைப் பாட்டு அதுபாட்டுக்கு ஓடுகிறது. எனக்கு மாடிப்படி ஏறுவது மிச்சம். முழங்காலுக்கு நல்லது என்று மனைவி சொல்கிறாள்.

நிறுத்திய மறு வாரம், தோடு அடகு வைத்தவர் மீட்க வந்தார்.

"சாயந்தரம் ரேடியோ நின்னுபோச்சுங்களா சார்?"

"ஆமாங்க."

"கடைசி நாளு கேட்டனுங்க. அந்த ஏரியூர்க்காரரு நாந்தான்னு சொல்லிப் பேசிக் காட்டினீங்களே."

நான் உரைகல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கவுன்டர் மேல் சாய்ந்தார்.

"வாரா வாரம் அவரு உங்களை அப்படிக் கேட்டாரு, உங்களுக்கும் கோவம் இருக்கும். அது சரிங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க சார். அவரு மாதிரி உங்களுக்குச் சுத்தமா வரலீங்க."